வீணை வாசித்த அம்மா

சந்தானத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பது அவருடைய குடும்பத்துக்குப் பெரிய பெருமை. குடும்பத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்பது சந்தானத்துக்குப் பெரிய வசதி.

இந்த இரண்டாவது விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மனுஷன் எதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது அது நகரும்போதுதானே தெரிகிறது.

பிறந்ததும் வளர்ந்ததும் புனேயில், கோர்படியில். அப்பா சுப்பையா கோவில்பட்டிக்குப் பக்கத்திலிருந்து வந்து, ராணுவ அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் தட்டு எடுக்கும் வேலையில் சேர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கடையில் மராத்தி. அக்கா நீலா முனிசிபாலிட்டி மராத்திப் பள்ளியில் ஏழாவது வரை போனாள். தம்பிக்கு மட்டும், மெஸ்ஸில் யாரோ ஒரு மேஜர் சிபாரிசு செய்து, கேம்ப் என்ற பகுதியில் இருந்த இங்கிலீஷ் பள்ளியில் இடம் கிடைத்தது. தமிழ் எழுத்து என்று ஒன்று இருப்பதே அந்த வீட்டில் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

பிறகு ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை, சென்னைக்கு மாற்றல். அங்கேதான் சந்தானம் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் பஸ் போர்டு, அப்புறம் கடைப் பலகை, அப்புறம் சினிமா போஸ்டர், அப்புறம் வாரப் பத்திரிகை. மீசை நரைக்கத் தொடங்கிய வயதில் ஒரு மனிதர் பஸ் ஸ்டாப்பில் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்த்து ஜனங்கள் சிரித்திருக்கக்கூடும். அவர் கவலைப்படவில்லை. திரும்பிப் புனே வந்தபோது தமிழில் கடிதமே எழுதுகிற ஆளாக வந்தார். யாருக்கு எழுதுவது என்பதுதான் பிரச்சினை. மனைவி அகல்யா அதே புனேயில் கட்கிப் பக்கம் பிறந்தவள், அவள் தமிழ் சமையலறையோடு சரி. மகன் அனிருத்தின் தமிழைக் கேட்டால் தமிழுக்கே அழுகை வரும். நீலாவுக்குத் தமிழ் எழுத்துகள் ஜிலேபி மாதிரிதான் தெரியும். அவள் மராத்திப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள், அது வேறு.

ஓய்வு பெற்ற பிறகு சந்தானம் 'தமிழ் அன்பர் வட்டம்' என்ற அமைப்பில் சேர்ந்தார். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இளவட்டங்கள், பேங்க் அதிகாரிகள், இரண்டு மூன்று காலேஜ் பேராசிரியர்கள் என்று கலவையான கூட்டம். அங்கே முதல் கேள்வி, "உங்க நேட்டிவ் எது சார்?" இரண்டாவது கேள்வி, "அப்பா என்ன பண்ணிட்டிருந்தாங்க?" ஒருவருக்குத் தாத்தா தமிழாசிரியர், ஒருவருக்கு அப்பா வக்கீல், இன்னொருவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாட்டு. சந்தானம், "அப்பா ஆர்மி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்பவர் தானாகவே தோளில் நட்சத்திரங்களைக் குத்திவிட்டுப் போய்விடுவார். இதில் பொய் எங்கே இருக்கிறது?

வட்டம் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு மலர் போடும். முதல் வருஷம் அவரிடம் கட்டுரை கேட்டார்கள். தலைப்பு, 'என் அம்மா'.

நல்ல எண்ணத்தோடுதான் உட்கார்ந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். 'அம்மா விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாள்' என்று எழுதினார். உண்மை. அடுத்த வரியில் எதற்காக எழுந்தாள் என்று சொல்லியாக வேண்டும். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்ட எழுந்தாள். ஆட்டி, அவித்து, அலுமினிய அடுக்கில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு கோர்படி ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்கப் போனாள். சுப்பையா மெஸ்ஸில் வாங்கிய சம்பளத்தை மெஸ்ஸுக்குப் பின்னாலேயே குடித்து முடித்துவிட்டு வரும் ஆள் என்பதால் போனாள். இதையெல்லாம் அந்தப் பேராசிரியர் படிப்பார். அந்த வக்கீல் மகன் படிப்பார். படித்துவிட்டு, "ரொம்ப யதார்த்தமா இருக்கு சார்" என்பார்கள். அந்த வார்த்தையை நினைத்ததும் சந்தானத்துக்குக் காது சுட்டது.

'எழுந்து வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்' என்று எழுதினார்.

வீணை எங்கேயிருந்து வந்தது என்று அவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் வீணை சரஸ்வதி படத்தில் மட்டும்தான் இருந்தது. ஆனால் ஒரு தரம் வந்து உட்கார்ந்த வீணை லேசில் எழுந்து போகவில்லை. அம்மாவுக்கு விசாலாக்ஷி என்று பெயரும் கிடைத்தது. அப்பா ராணுவப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். அடுத்த வருஷ மலரில் வீணைத் தந்தி அறுந்தது. அதற்கடுத்த வருஷம் விசாலாக்ஷி அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். "கண்ணு கலங்கிருச்சு சார்" என்று போன் செய்தார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், எழுதும்போது சந்தானத்துக்கும் கலங்கியது. போகப் போக, பழைய வீட்டை நினைத்தால் அரிசி மூட்டை இருந்த மூலையில் வீணை தெரிய ஆரம்பித்தது.

மலர் வந்ததும் முதல் பிரதியை நீலாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் ஊரின் இன்னொரு பக்கம், கோந்த்வாவில் மகன் வீட்டில் இருந்தாள். தம்பி பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். "அம்மாவப் பத்தியாலே எழுதிருக்க?" என்பாள். "ஆமாக்கா." புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு ஷோகேஸில் வைத்துவிடுவாள். வீட்டுக்கு வருகிற மராத்திக்காரர்களிடமெல்லாம் அதைக் காட்டுவாள். அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சந்தானம் ஷோகேஸ் பக்கம் திரும்பாமல் குடிப்பார்.

அவர் திரும்பிப் பார்க்க விரும்பாத இன்னொரு இடமும் இருந்தது. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் நாலைந்து பேர் கோர்படியில் கிரிக்கெட் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் இட்லி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டு அங்கே போனார்கள். சந்தானம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார், நடக்கவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நீலா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். சந்தானம் வாயைத் திறக்கவில்லை. அம்மா அவரைப் பார்த்து, ரயில் பிடிக்க வந்த யாரோ பையனிடம் கேட்பது போல, "கித்னா சாஹியே, பேட்டா?" என்று இந்தியில் கேட்டாள். எத்தனை வேணும் என்று பெற்ற பிள்ளையிடம் கேட்டாள். இட்லி வைத்தாள், சட்னி ஊற்றினாள், காசு வாங்கிக்கொண்டு மீதியும் கொடுத்தாள். நீலா தட்டிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரிடமும் இந்தியில் பேசிப் பழகிய வாய், பழக்கத்தில் வந்திருக்கும் என்று சந்தானம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தைக் கட்டிக்கொண்டேதான் இவ்வளவு காலம் ஓட்டினார்.

இந்த வருஷம் மார்கழியில் வட்டத்தின் செயலாளர் ராம்பிரசாத் போன் செய்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, எதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர்.

"சார், ஒரு புது ஐடியாங்க. மலர்ல எழுதினவங்களே மேடையில வந்து படிக்கோணும். நீங்கதான் முதல்ல. அப்புறம் ஒரு சர்ப்ரைஸ் இருக்குதுங்க, அங்க வந்து சொல்றனுங்க."

சந்தானத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீலாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. ஆனால் ஹைதராபாத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்த அகல்யாவுக்கு இந்த உள்விவகாரம் எதுவும் தெரியாது. நாத்தனாரோடு போனில் பேசும்போது, உங்க தம்பி மேடையேறப் போறார் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு மராத்திக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேடையில் கணபதி படத்துக்கு இரண்டு பக்கமும் கரும்பு. சந்தானம் பட்டு ஜிப்பாவில் மேடை ஏறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் நீலா. மகன் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப் புடவை, தலையில் மல்லிகை கஜ்ரா, மடியில் சங்கராந்தி எள்ளுருண்டை டப்பா. தம்பி பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் சின்னப் பிள்ளை போல் கையை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ராம்பிரசாத் மைக்கில் சர்ப்ரைஸை உடைத்தார். "நம்ம சந்தானம் சாரோட கட்டுரைகளைப் படிச்சுப் படிச்சு, அவங்க அம்மா நம்ம எல்லாருக்கும் அம்மா ஆயிட்டாங்க. இந்த வருஷத்துலிருந்து குழந்தைகளுக்கான வீணைப் போட்டிக்கு 'விசாலாக்ஷி அம்மாள் நினைவுப் பரிசு' கொடுக்கப் போறோம்!"

கைதட்டல். நீலாவும் தட்டினாள், யார் பேரோ என்று நினைத்துக்கொண்டு.

மாற்றிப் படித்துவிடலாமா என்று சந்தானம் யோசித்தார். முடியாது. எல்லார் கையிலும் மலர் இருந்தது. முன் வரிசைப் பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் பிரித்து வரியில் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். சந்தானம் படிக்க ஆரம்பித்தார். வாய் படித்தது, கண் அக்காவைப் பார்த்தது.

எல்லா வருஷமும் எழுதுகிற அதே முதல் வரிக்கு நீலா தலையாட்டினாள். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாள், ஆமாம். வீணை வந்ததும் தலை லேசாகச் சாய்ந்தது, சரியாகக் கேட்கவில்லையோ என்பது போல. தமிழாசிரியர் அப்பா வந்தார். 'என் தாய் விசாலாக்ஷி' வந்தாள். நீலா குனிந்து மடியிலிருந்த டப்பாவின் மூடியை அழுத்தினாள். மூடி ஏற்கனவே நன்றாகத்தான் மூடியிருந்தது. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள். தட்டுக் கழுவிய அன்று குனிந்த அதே குனிவு. சந்தானத்துக்கு வியர்த்துக் கொட்டியது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது, ஆனாலும் வரிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

முழுப் பொய்யை வைத்து இரண்டு பக்கம் நிரப்ப யாராலும் முடியாது. எழுதுகிறவன் எங்கேயாவது நிஜத்துக்குள் கையை விட்டு ஏதாவது எடுத்தாக வேண்டியிருக்கும். இந்த வருஷம் சந்தானம் எடுத்தது கடைசிப் பத்தியில் இருந்தது.

'தந்தியை அழுத்தி அழுத்தி அம்மாவின் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. அங்கே சூடு உறைக்காது. அதனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் விரலால் தொடமாட்டாள். புறங்கையை என் கழுத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள்.'

நீலா நிமிர்ந்தாள். கண் நிறைந்து வழிந்தது. கொதிக்கிற இட்லித் துணியை வெறும் கையால் உரித்து உரித்து நுனி மரத்துப்போன அம்மாவின் கை அது. அந்தப் புறங்கை நீலாவின் கழுத்திலும் இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "எனக்கும் அழுகை வந்துடுச்சு ஆன்ட்டி" என்று டிஷ்யூ பேப்பரை நீட்டினாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். கீழே இறங்கி வந்தபோது ராம்பிரசாத் நீலாவிடம் நின்றுகொண்டிருந்தார். அவள் டப்பாவைத் திறந்து அவருக்கு எள்ளுருண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இவங்க உங்க அக்காங்களா? மூக்கு அப்படியே உங்க மூக்காட்ட இருக்குது!"

சந்தானம் வாயைத் திறந்தார். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வீணையைப் பற்றி வரும். அக்கா வாய் என்ன சொல்லும்? அந்தப் பயம்தான் முதலில் வந்தது, அக்காவின் நினைப்பு அப்புறம்தான் வந்தது. நீலா அவரை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"இல்ல தம்பி. கோர்படியில நாங்க பக்கத்து வீடு. சின்ன வயசுலேருந்தே பழக்கம்."

"அப்படீங்களா! அப்ப அந்த வீணையக் கேட்டிருக்கீங்களா?"

"கேக்காம? விடியுமுன்ன சத்தம் கேட்டுரும்லா. அதுக்கப்புறம் எங்க தூங்க?"

ராம்பிரசாத் சிரித்துக்கொண்டே சாப்பாட்டைக் கவனிக்கப் போனார். நீலா டப்பாவை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். சந்தானம் பொன்னாடையோடு பின்னாலேயே ஓடினார். ரோட்டில் அவள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியிருந்தாள்.

"எக்கா, நில்லு. சாப்பிட்டுட்டுப் போ."

"நீ போய்ச் சாப்பிடுலே. எனக்கு வீட்ல வேல கெடக்கு."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன என்னன்னு சொல்லச் சொல்லுத? வீணக்காரி மவ நான்னு சொன்னா, எங்க வாசிங்க பாப்போம்னு கேட்டுப்புட்டா?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அரே, எனக்கு இது புதுசாலே? அன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல கூட்டாளிகளோட வந்தேல்லா, அதுக்கு மொத வாரமே அம்மா எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தா. 'அவன் பெரிய எடத்துப் பிள்ளையளோட படிக்கான். இந்தப் பக்கம் வந்தாம்னா நாம யாரோ, அவன் யாரோ. தெரிஞ்ச மாதிரி மூஞ்சியக் காட்டிராத. பாவம், பய கூச்சப்படுதான்'னு. நீ எங்களப் பாத்துச் சந்து வழியாச் சுத்திப் போனத எத்தன நாளு பாத்திருக்கா! நானும் பழகிட்டேன், போ."

பழக்கத்தில் வந்த இந்தி இல்லை அது. அம்மா யோசித்து, ஒத்திகை பார்த்து, மகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்ட கேள்வி. இத்தனை வருஷம் அவர் கட்டிக்கொண்டிருந்த சமாதானம் நடுரோட்டில் அவிழ்ந்து விழுந்தது.

நீலா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதுத. அவ யாரோ, வீணைய வச்சிட்டு இருந்துட்டுப் போட்டும். ஆனா அந்தக் காச்சலுக்குத் தொட்டுப் பாக்குத கை இருக்கே, அது நம்ம அம்மாதுலே. அத மட்டும் அவகிட்டேருந்து வாங்கிரு."

"கோந்த்வா, பையா" என்றாள் டிரைவரிடம். ஆட்டோ போய்விட்டது.

சந்தானம் மண்டபத்துக்குள் வந்தார். பந்தி ஆரம்பித்திருந்தது. தட்டோடு வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டு வணக்கம் சொன்னார்கள். ராம்பிரசாத் ஒரு கையில் சாம்பார் வாளியும் இன்னொரு கையில் போனுமாக வந்தார்.

"சார், பரிசுக்கு ஷீல்டு அடிக்கிறவன் லைன்ல இருக்கறானுங்க. அம்மா பேர விசாலாக்ஷின்னே போட்டுடட்டுங்களா?"

"முத்துப்பேச்சி" என்றார் சந்தானம்.

"என்னங்க சார்?"

"எங்க அம்மா பேரு முத்துப்பேச்சி." இந்த மண்டபத்தில் மட்டுமில்லை, அம்மா போன பிறகு எங்கேயுமே அவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. வரிசையில் நின்ற பேராசிரியர் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுல கூப்பிடற பேருங்களா?"

"அவ்வளவுதான் பேரு. வீணை கிடையாது. கோர்படி ஸ்டேஷன் வாசல்ல இட்லி வித்தாங்க."

ராம்பிரசாத் சிரித்தார், ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று. வரவில்லை. வாளியைக் கீழே வைத்தார். போனில் ஷீல்டுக்காரன் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தான். சந்தானத்துக்கு முகம் எரிந்தது. பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போடலாம் என்று பார்த்தால், அந்த நாற்காலியில் நீலாவின் எள்ளுருண்டை டப்பா இருந்தது.

"அப்ப அந்த அம்மா... வீணையக் கேட்டிருக்கறேன்னு சொன்னாங்களே சார்? பக்கத்து வீட்டு அம்மா?"

"பக்கத்து வீடு இல்ல. அவங்க என் கூடப் பிறந்த அக்கா" என்றார் சந்தானம். "எனக்காகச் சொன்னாங்க."